பச்சையே குத்து

மேல்நெல்லிப்பாடி பெருமாயி மிஷினில் பூப்போட்டுக் கொடுத்த துணியை உடுத்தினால், மூன்றாம் முறை துவைத்துக் கட்டுகிற அன்று அந்தப் பூ துணியில் இருக்காது, உடம்பில் இருக்கும். முதல் தண்ணீரில் சாயம் கொஞ்சம் மங்கும். இரண்டாம் தண்ணீரில் நூல் மெலியும். மூன்றாம் தண்ணீரில் அலசிக் காயப்போட்டு எடுத்து உடுத்தினால், சாயங்காலத்துக்குள் துணி வெறும் ஊசித் துளைகளோடு நிற்கும். துணி எங்கே பட்டுக்கொண்டிருந்ததோ அங்கே, தோளோ கையோ, அதே பூவும் அதே இலையும் பச்சை குத்தியது போலப் பதிந்திருக்கும். வலி கிடையாது, வீக்கம் கிடையாது, தேய்த்தால் போகவும் போகாது. 1963இல் ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் இது நடந்தது. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டுப் பக்கம் வயசானவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சட்டைக் கையை ஏற்றிக் காட்டுவார்கள். காட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பெருமாயி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் நடந்தால் வருகிற மேல்நெல்லிப்பாடியில், சாமையும் கேழ்வரகும் போட்டுப் பிழைக்கும் தர்மனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஐந்து வயதில் சாமியம்மாள் என்று ஒரே பெண். அந்த வருஷம் சர்க்கார் கள்ளக்குறிச்சியில் தையல் பயிற்சி நிலையம் ஒன்று திறந்து, மலையிலிருந்தும் ஒரு பெண் வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. கிழிசல் தைக்க ஆறு மாசம் படிக்க வேண்டுமா என்று மலையில் எல்லோரும் சிரித்தார்கள். படித்து முடித்தால் மிஷினை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்ட பெருமாயி மட்டும், பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். பயிற்சிக்கு வந்த பெண்கள் பன்னிரண்டு பேர். வந்த புது மிஷின்கள் பதினொன்று. பன்னிரண்டாவது ஆள் யாராக இருப்பாள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவளுக்குக் கொடுத்தது கரியாலூர் பங்களாவில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் சம்சாரம் விட்டுப்போன கைமிஷின். அதற்கு அப்போதே அறுபது வயது. பங்களாக் காவல்காரன் பெண்டாட்டி நல்லது செய்வதாக நினைத்து விளக்கெண்ணெய் விட்டு வைத்திருந்ததில் சக்கரம் பாறையாக இறுகிக் கிடந்தது. பெருமாயி ஒவ்வொரு சாமானாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தாள். மிஷினோடு ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. உள்ளே கத்திரிப்பூ நிற வெல்வெட்டில் பதித்த நிக்கல் சாமான்கள். ஓரம் சுருட்ட ஒன்று, கொசுவம் வைக்க ஒன்று, மடிப்புப் போட ஒன்று. கடைசிக் குழியில், இரண்டு சின்ன நூற்கண்டுகளும் இரண்டு கொம்புகளுமாக வண்டு மாதிரி ஒன்று. அதுதான் பூப்போடுவது. துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷினின் காலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைத் திருக வேண்டும். ஊசி ஏறி இறங்க, இரண்டு கொம்பும் இடமும் வலமுமாக ஆடி, பக்கத்து நூலை மாற்றி மாற்றி ஊசிக்கு முன்னால் போடும். ஊசி அதைத் துணியோடு பூட்டிவிடும். வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை துணியைத் திருப்பிக் கொடுத்தால், போகிற வழியெல்லாம் கொடி ஓடும். இதைச் சொல்லித்தரப் புத்தகமும் இல்லை, ஆளும் இல்லை. டீச்சர் லட்சுமியம்மாளே அதைப் பார்த்தது கிடையாது. பெருமாயி ஒன்பது நாள் அதோடு மல்லுக்கட்டித் தானாகக் கண்டுபிடித்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம்தான் அந்தப் பேச்சு நடந்தது. மலையில் ஊசியால் செய்கிற எதற்கும் ஒரே சொல்தான், குத்துவது. காதையும் குத்துவார்கள், துணியையும் குத்துவார்கள். அந்த மாசம் பயிற்சி நிலையத்துக்கு மேலிடம் அனுப்பியிருந்ததோ ஒரு பெட்டி பச்சை நூல், அது மட்டும்.

“டீச்சரம்மா, இன்னா நூலுல குத்தட்டும்?” என்று பெருமாயி கேட்டாள்.

லட்சுமியம்மாள் திருநாவலூர்க்காரி, நல்ல மனுஷி. அன்றைக்குத் தலைவலி. ரிஜிஸ்தரிலிருந்து நிமிராமல், “இருக்கறது பச்சைதான்மா. பச்சையே குத்து” என்றாள்.

“பச்சையேவா குத்தறது?”

“ஆமாம்மா, பச்சையே குத்து, பச்சையே குத்து. ஒரு வாட்டி சொன்னா போதாதா?”

மூன்று முறை சொல்லியாயிற்று. மிஷின் கேட்டுக்கொண்டது. அறுபது வருஷமாக இங்கிலீஷே கேட்டுப் பழகிய மிஷின். தமிழில் அதற்குக் கிடைத்த முதல் உத்தரவு அது. நூலின் நிறத்தைச் சொல்கிறார்களா, செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறார்களா என்று பிரித்துப் பார்க்க அது என்ன தமிழ் வித்துவானா? சொன்னதைச் செய்தது. சர்க்கார் சாமான்களில் சொன்னதைச் செய்த ஒரே சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

பெருமாயி முதலில் பூப்போட்டது மகளுக்கு. மஞ்சள் சீட்டித் துணியில் ஒரு கவுன் தைத்து, கழுத்தைச் சுற்றிப் பச்சைக் கொடி ஓடவிட்டாள். பதினோரு இலை, மூன்று பூ. கடைசியில் நூலை உள்பக்கம் இழுத்து, நுனி தெரியாமல் முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சில் அவளுக்குத் தனிப் பெருமை. மிஷினைத் தலையில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவளை ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. கவுனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சாமியம்மாள் மாரியம்மன் பொங்கலுக்கு அதைப் போட்டாள், கார்த்திகைக்குப் போட்டாள், தைப்பொங்கலுக்கு மூன்றாம் முறை துவைத்துப் போட்டாள். அன்றைக்குப் பொழுது இறங்குவதற்குள் கவுன் மொட்டையாகிவிட்டது. பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தது. பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். கழுத்தைத் திருப்பித் திருப்பித் தண்ணீர்க் குடத்தில் பார்த்துக்கொண்டது.

மேல்நெல்லிப்பாடி சனங்கள் எதை வேண்டுமானாலும் பொறுப்பார்கள், பச்சை குத்துவதைப் பொறுக்க மாட்டார்கள். கீழ்நாட்டில் செத்தால் கூடவே வருவது பச்சை ஒன்றுதான் என்று ஆசையாகக் குத்திக்கொள்வார்கள். மலையில் அது ஆகாது. பச்சை ஏறிய உடம்பு சாமி பொங்கல் பக்கம் நிற்கக்கூடாது, பொது அடுப்பில் கை வைக்கக்கூடாது, செத்தால் ஊர்க் குழியில் இடம் கிடையாது. தெரியாமல் ஏறிவிட்டால் பரிகாரம் உண்டு. தங்கத்தைக் காய்ச்சி, பச்சை இருக்கிற இடத்தில் வைத்து எடுக்க வேண்டும். அதன் பிறகு ஒரு குறையும் இல்லை, உடம்பு மறுபடி ஊருடையது. ஊர்க்கவுண்டர் வேடியப்பன் தர்மனுக்குப் பெரியப்பா முறை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவரே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

“கண்ண மூடித் தொறக்கற நேரம் புள்ள. ஒன் தாலியில இருக்கற தங்கமே போதும். நானே வெக்கறேன், அளுந்த வெக்கமாட்டேன்.”

“எத்தினி எடம் மாமா?” என்று பெருமாயி கேட்டாள்.

வேடியப்பன் இலையையும் பூவையும் எண்ணிப் பார்த்தார். பதினாலு இடம்.

“பதினாலு வாட்டி எம்புள்ள கத்தறத கேட்டுக்கினு நான் நிக்கணுமா? ஆவாது மாமா. ஒங்க ஊரு ஒங்களுக்கு.”

தர்மன் பெண்டாட்டி மேல் உயிராக இருந்தவன்தான், ஆனால் ஊருக்கு எதிரே வாயைத் திறந்து பழக்கமில்லாதவன். மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு வெள்ளிமலை வரை கூட வந்து, இருவரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டான். சுட்டால் ஊர் இருக்கிறது, சுடாவிட்டால் பிள்ளை இருக்கிறது என்று பெருமாயி கணக்குப் போட்டாள். நூலால் வந்தது நூலாலேயே போகும், போனதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றும் நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

கள்ளக்குறிச்சியில் அவள் கடை போட்ட ஒரு வருஷத்துக்குள் கூட்டம் தாங்கவில்லை. ஊசி படாமல், ரத்தம் வராமல், மூன்று துவைப்பில் பச்சை என்றால் யார் விடுவார்கள்? புருஷன் பெயர், சாமி பெயர், தேள், மயில், மாக்கோலம் என்று வந்து நின்றார்கள். சண்டை சச்சரவும் இல்லாமல் இல்லை. திருநாவலூரில் அண்ணன் சட்டையை அவசரத்துக்குத் தம்பி மாட்டிக்கொண்டு போக, அது மூன்றாம் தண்ணீர்ச் சட்டையாக இருக்க, அண்ணி பெயர் கொழுந்தன் மார்பில் ஏறி, குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. நிலத்தைப் பங்கு பிரித்தார்கள், பெயரைப் பிரிக்க முடியவில்லை. இப்படி ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்தவளுக்கு ஒன்றே ஒன்றை இறக்கத் தெரியவில்லை. சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தாள், ஊசிதான் உடைந்தது. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து “பச்சைய எடு, பச்சைய எடு” என்று கெஞ்சிப் பார்த்தாள். மிஷின் சும்மா இருந்தது. தன் ரவிக்கைக் கையில் வெள்ளை நூலால் ஒரு இலை போட்டுச் சோதித்தாள். மூன்றாம் தண்ணீரில் முழங்கைக்கு மேலே இலை வடிவத்தில் தோல் வெளுத்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பார்த்துவிட்டு, குஷ்டமோ என்று எழுந்துபோனார்கள். நல்லவேளை, பிள்ளை கழுத்தில் போட்டுப் பார்க்கவில்லை என்று அந்தப் பஸ்ஸிலேயே கும்பிட்டாள்.

கடைசியாக அவளுக்கு மிஞ்சிய நம்பிக்கை முடிச்சு. அந்த மிஷின் போடுவது சங்கிலித் தையல், நுனி கிடைத்தால் அது ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும் என்பது தையல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் சாமியம்மாளை வெயிலில் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியும் ஊசியுமாக அவள் கழுத்தில் நூல்நுனியைத் தேடுவாள். அம்மா பேன் பார்க்கிறாள் என்று நினைத்துப் பிள்ளை தூங்கிவிடும். நுனி அகப்படவே இல்லை. அரைகுறையாக வேலை செய்கிறவள் யாராவது அதைத் தைத்திருந்தால் ஒரு வாரத்தில் அவிழ்ந்திருக்கும். ஒழுங்காக வேலை செய்தவளுக்குக் கிடைத்த கூலி இது. இதற்கு நடுவில் இன்னொன்றையும் அவள் கண்டாள். கொடி வளர்ந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு இலை, நல்ல மழை பெய்த வருஷம் இரண்டு. உயிருள்ள உடம்பில் ஏறியது உயிரோடுதானே இருக்கும்?

தர்மன் புதன்கிழமைச் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் வருவான். சாமையும் கடுக்காயும் ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, மகள் தலையைத் தடவிவிட்டு, ஊர்க்கட்டுக்குப் பயந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விடுவான். நாலாம் வருஷம் வந்தவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

“காட்டுல களை எடுக்க ஆளு இல்ல பெருமாயி. பெரியப்பா ஒரு பொண்ணு பாத்துக்கினு இருக்கறாரு.”

“கட்டிக்க” என்றாள் பெருமாயி. அவன் போன பிறகு அன்று முழுக்க ஒரு துணியும் தைக்கவில்லை. தாலியைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று கையில் பிடித்தாள். அதில் கோத்திருந்த குண்டுமணி அளவு தங்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனைவிட, ஊரைவிட, அந்தத் தங்கத்தின் மேல்தான் அவளுக்கு வெறுப்பு. ஆனாலும் கழற்றவில்லை.

சாமியம்மாள் படித்தாள். பதினேழு வயதில், 1975இல், பள்ளி இறுதி பாஸ் செய்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான், வாத்தியார் பயிற்சி முடித்து மலைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போக வேண்டும். ஊர் ஒதுக்கிய பிள்ளையைச் சர்க்கார் வேலை மலைமேல் ஏற்றிவிட்டால் யார் தடுக்க முடியும்? பெருமாயியும் அதையே பிடித்துக்கொண்டாள். பயிற்சியில் இடம் கிடைக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மனுவில் மலைச் சனத்தின் சாதிப் பெயர் ‘மலையாளி’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா, “எந்த ஊரும்மா, பாலக்காடா?” என்று கேட்டான். மலையை ஆள்கிறவர்கள் என்று பெயர். ஆண்ட லட்சணத்தை அவன் வேறு கிளறினான். அப்புறம் விஷயம் விசாரணை அதிகாரி ஒருவரிடம் போயிற்று. அவர் நேர்மையானவர், ஒரு டீக்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருக்கிற பழக்கவழக்கம் எல்லாம் ஆளிடம் இருக்கிறதா என்று டிக் போட்டுப் பார்ப்பார்.

அதிகாரி பெண்ணையும் தாயையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, புதிதாக வெட்டியிருந்த மண் ரோட்டில் மேல்நெல்லிப்பாடிக்கே போனார். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பெருமாயி ஊரைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஜீப்பை விட்டு இறங்க அனுமதி இல்லை, ஊர் எல்லைக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள். அதிகாரி கேட்கக் கேட்க வேடியப்பன் பதில் சொன்னார். கல்யாணம் எப்படி, சாவு எப்படி, சாமி எது. எல்லாம் புத்தகத்தோடு ஒத்துப்போயிற்று. பச்சை குத்துவது உண்டா என்ற கேள்விக்கு வேடியப்பன் நெஞ்சை நிமிர்த்தி, “எங்க சனம் சாவற வரைக்கும் குத்தாதுங்க. உசுரே போனாலும் குத்தாதுங்க” என்றார். சாமியம்மாளைக் கைவிடுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. பெருமையில் சொன்னார். அதிகாரி டிக் போட்டுவிட்டு ஜீப்புக்கு வந்து பெண்ணின் கழுத்தைப் பார்த்தார். காலரைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். ‘மனுதாரர் உடம்பில் பச்சை காணப்படுவதால் மேற்படி சமூகத்தைச் சேர்ந்தவர் அல்ல’ என்று எழுதி, மையை ஊதிக் காயவைத்தார். மலை பச்சை குத்தியவள் என்று தள்ளிற்று, கீழே மலைக்காரி இல்லை என்று தள்ளினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு பேரும் சேர்ந்து கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாமியம்மாள் அழவில்லை. சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, “வெச்சுடும்மா” என்றாள்.

“இன்னாத்த?”

“அன்னிக்கே வெச்சிருந்தா இன்னிக்கு இது இல்ல. பதினாலோட போயிருக்கும். நீ எம்மேல எரக்கப்பட்டுக்கினே என்ன ஒண்ணுமில்லாம பண்ணிட்ட.”

பெருமாயி வாழ்நாளில் கேட்ட பேச்சிலேயே கொடுமையான பேச்சு அது. அன்றைக்கு எண்ணிப் பார்த்தார்கள். இலையும் பூவுமாக முப்பத்தொன்று.

வேடியப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஊர் எல்லையில், பகல் பொழுதில், ஊர்ப் பெண்களெல்லாம் பார்க்க, பெருமாயியின் தாலித் தங்கத்தைக் காய்ச்சி வைத்தார்கள். சாமியம்மாள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழாவது இலையில் வேடியப்பனுக்குக் கை நடுங்கிவிட்டது. இனி தன்னால் ஆகாது என்று இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். கட்டுமஸ்தான ஆம்பிளைகள் நாலு பேர் நின்றார்கள், ஒருவரும் எடுக்கவில்லை. பாதியில் விட்டால் பரிகாரம் சேராது. பெருமாயி எழுந்துபோய் இடுக்கியை எடுத்தாள். மிச்சம் இருபத்துநாலையும் அவளே வைத்தாள். ஒரு இலையும் தப்பாமல், கோடு விலகாமல், தைத்தது போலவே ஒழுங்காக வைத்தாள்.

புண் ஆறுவதற்கு மூன்று மாசம் ஆயிற்று. மறு விசாரணைக்கு அதே அதிகாரி வந்தார். கழுத்தைச் சுற்றி இலை இலையாக இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். பச்சை ஏறியிருந்ததை ஊர் வழக்கப்படி தங்கத்தால் சுட்டது என்று வேடியப்பன் சொன்னார். அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்து, இதோ இருக்கிறது, இதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினார். அந்த வழக்கத்தை இத்தனை தெளிவாக நேரில் கண்டவர் தமக்கு முன்னால் யாரும் இல்லை என்று சந்தோஷப்பட்டு, போட்டோக்காரனைக் கூப்பிட்டு வேறு எடுக்கச் சொன்னார். சான்றிதழ் அன்றைக்கே கையெழுத்தாயிற்று. சாமியம்மாள் பயிற்சிக்குப் போனாள், வாத்தியாரம்மாவாகி மலைக்கும் போனாள். வருஷம் முழுக்கக் கழுத்து மூடிய ரவிக்கைதான் போடுவாள். ஊர் பெருமாயியையும் திரும்பி வரச் சொன்னது. அவள் போகவில்லை. அந்த இடுக்கியைப் பிடித்த கையோடு எந்த அடுப்பில் போய்ச் சேர்ந்து பொங்குவது என்று கேட்டாள். மகள் மாசத்துக்கு ஒரு கார்டு போடுவாள். நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் அதில் ஒரு வரி இருக்காது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வருஷம் மலையிலிருந்து இன்னொரு வீட்டுப் பிள்ளை சான்றிதழுக்கு மனுப் போட்டது. அதிகாரி பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தழும்பு எங்கே?” என்று கேட்டார். பச்சையே குத்தவில்லை, தழும்பு எப்படி வரும் என்று சொல்லிப் பார்த்தார்கள். முன் கோப்பில் போட்டோவோடு இருக்கிறது, இதில் இல்லையே, எதை நம்பி நான் கையெழுத்துப் போடுவது என்றார். நேர்மையானவர்களிடம் வாதாட முடியாது. அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தக் கோப்பையே எடுத்துப் பார்த்தார்கள். மலையில் வெறும் தோலில் சுட்டு அனுப்பினார்கள். இலை வடிவம் இல்லை என்று மனு திரும்பி வந்தது. அதே பிள்ளையை இரண்டாம் முறையும் சுட்டார்கள்.

அது பெருமாயி காதில் விழுந்த வாரம், வேடியப்பன் தம் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பெருமாயி கடை வாசலில் வந்து நின்றார். பிள்ளைக்கு இரண்டும் கெட்டான் வயது. அதற்கு ஏதோ புதுத் துணி கிடைக்கப்போகிறது என்று நினைப்பு.

“சின்னதா ஒண்ணு குத்திக் குடு புள்ள” என்றார்.

“அன்னிக்கு எம்புள்ளைய தள்ளி வெச்ச வாய் இது.”

“ஆமா புள்ள. இதே வாய்தான்.”

காறித் துப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் மறுபடி வெறும் தோலில் சுடுவார்கள், ஒன்றுக்கு இரண்டாகச் சுடுவார்கள். பெருமாயி யோசித்துவிட்டு, பாவாடைச் சட்டையின் இடது கையில், முழங்கைக்கு உள்பக்கம் படுகிற இடத்தில், சாமை அரிசி அளவுக்கு ஒரே ஒரு இலை போட்டாள். அதற்கு மேல் சின்னதாக அந்தக் கொம்புகள் ஆடாது. இலை இறங்கியதும் உடனே சுட்டுவிட வேண்டும், தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு ஒன்று கூடும் என்று சொல்லி அனுப்பினாள். அந்த வயதுக்கு அது ஒன்றைத்தான் அவளால் மிச்சம்பிடித்துக் கொடுக்க முடிந்தது. அப்புறம் பள்ளிக்கூடம் திறக்கிற வைகாசி, ஆனி மாசங்களில் மலைக்காரர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். புருஷன் பெயர், மயில், தேள் எல்லாம் ஓய்ந்து, கடையில் இலை மட்டுமே போடுகிற காலம் வந்தது. நகையை அடகு வைத்தவர்கள் பக்கத்து வீட்டில் தங்கம் இரவல் வாங்கிச் சுட்டார்கள். பிள்ளைகள் கத்துகிற சத்தம் கள்ளக்குறிச்சி வரை கேட்காது. பெருமாயிக்குக் கேட்கும்.

1996ஆம் வருஷம் ஆனி மாசம் ஒரு நாள் காலையில் சாமியம்மாள் வந்தாள். இருபது வருஷத்தில் அவள் வந்தது மூன்று முறையோ நாலு முறையோதான். இந்த முறை ஆறு வயது மகளோடு வந்தாள். பெருமாயி பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாய் நிறைய முறுக்கு கொடுத்து, அரை மணி நேரம் எதையும் கேட்காமல் இருந்தாள். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான். சாமியம்மாள் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மிஷின் பக்கத்தில் வைத்தாள்.

“ஒனக்குத்தான் தளும்பு இருக்குதேடி. வாத்தியாரம்மா நீ. அத்தக் காட்டுனா ஆவாதா?”

“காட்டுனேன்மா. ஒன்னுது ஒன்னுது, புள்ளைக்கு இருக்குதான்றாங்க.”

ஆட்டுக்குட்டி ஆடுதான் என்பதற்குத் தாயாடு சாட்சி ஆகாது என்பது சட்டம் போலிருக்கிறது. பெருமாயி மகளின் கழுத்தைப் பார்த்தாள். வெயில் காலத்திலும் காலர் மூடிய ரவிக்கை. “எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமேடி” என்றாள்.

“எனக்கு முப்பத்தொண்ணு தெரியும்மா. இவளுக்கு ஒண்ணோட வுட்ரலாம். அதான் வேற யாராண்டயும் போவாம ஒன்னாண்ட வந்தேன்.” மகள் மடியில் விழுந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு, “நீ பண்ணது எரக்கம்னு இப்பதான் புரியுது. ஆனா எனக்கு அந்தத் தெகிரியம் இல்லம்மா” என்றாள்.

பெருமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஷினின் காலைக் கழற்றிவிட்டுப் பூப்போடும் சாமானைத் திருகினாள். பச்சை நூல் கோத்தாள். இரண்டே சுற்று. சாமை அரிசியைவிடவும் சின்னதாக அன்றைக்கு வந்தது. அவள் கையால் போட்டதிலேயே சின்னது அதுதான். அன்றைக்கே மூன்று முறை துவைத்துத் துவைத்துக் காயப்போட்டார்கள், ஆனி வெயிலில் சீக்கிரம் காய்ந்தது. சாயங்காலம் இலை குழந்தையின் கையில் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் மூன்று பேரும் வெள்ளிமலை பஸ் ஏறினார்கள். பெருமாயியும் போனாள். வைக்கிறபோது கை நடுங்காத ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. கண்டக்டர் குழந்தைக்கு அரை டிக்கெட் கிழித்தார். பஸ் மலையேற ஆரம்பித்ததும், குழந்தை சட்டைக் கையை ஏற்றி, பச்சை இலையைப் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் ஆசையாகக் காட்டிற்று. அந்தம்மா குனிந்து பார்த்துவிட்டு, “சர்டிபிகேட்டுக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றது குழந்தை. நல்லா சின்னதாத்தான் போட்டுருக்காங்க என்று சொல்லிவிட்டு, அந்தம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.